பதிமுக வெள்ளத்துக்காரி

நாலு பேர் கூடிய பந்தியில் என் மானத்தை வாங்கியவள் என்றுதான் அவளைப் பற்றிச் சொல்லத் தொடங்கவேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நெய்யாற்றின்கரையில் ஒரு கல்யாணம். அடுத்த வீட்டுக்காரி என்ற முறையில் அவளும் நானும் சேர்ந்து போயிருந்தோம். இலை போட்டாகிவிட்டது. இலைக்குப் பக்கத்தில் கண்ணாடித் தம்ளரில் பதிமுகம் என்கிற சிவப்பு மரக்கட்டை போட்டுக் கொதிக்கவைத்த குடிவெள்ளம். எங்கள் பக்கத்தில் விருந்தாளிக்கு வெறும் வெள்ளம் கொடுத்தால் வீட்டுக்காரனுக்குக் குறைச்சல். அது ரோஜா நிறத்தில் இருக்கவேண்டும். இவள் என்ன செய்தாள் என்றால், இலையில் விளம்பிய நாரங்கா, அதாவது எலுமிச்சை ஊறுகாயில் ஒரு துண்டை எடுத்து அந்தத் தம்ளருக்குள் பிழிந்தாள். ரோஜா நிறம் போய் வெள்ளம் மஞ்சளாகிவிட்டது.

எதிர்ப் பந்தியில் இருந்த ஒரு பெரியவர் அதைப் பார்த்துவிட்டுத் தன் தம்ளரைத் தள்ளிவைத்தார். "ஓய், வெள்ளத்துல என்னமோ கெடக்கு. குடிக்காதீங்கோ!" அவ்வளவுதான். விளம்புகிறவர்கள் ஓடிவந்தார்கள். பெண்ணின் அப்பா வியர்த்து ஒழுக வந்து நின்றார். நான் இலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். இவளோ, "ஒண்ணுமில்ல மாமா, புளிப்பு பட்டா இது மஞ்சளாவும். காரம் பட்டா திரும்பவும் செவக்கும். காணணுமா?" என்று எழுந்து, வெற்றிலைத் தட்டத்திலிருந்து சுண்ணாம்பை விரலில் தோண்டி எடுத்து வந்து தம்ளரில் கலக்கினாள். வெள்ளம் முன்னைவிடக் கடுஞ்சிவப்பாகிவிட்டது. பந்தி முழுவதும் பாயசத்தை மறந்து எங்களையே பார்த்தது. பெண்ணின் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். "மக்களே, பெண்ணை மாப்பிள வீட்டுக்கு எறக்கி விட்டுட்டு நானே உனக்க வீட்டுக்கு வாறேன். அங்க வச்சுக் காட்டு."

அவள் சொன்ன காரம் மிளகாயின் காரம் அல்ல. சுண்ணாம்பிலும் சாம்பலிலும் சோப்பிலும் இருக்கிறதே, தொட்டால் வழுக்குகிற காரம், அது. அவளுடைய கணக்கில் உலகத்தில் இரண்டே கட்சிதான்: புளிப்பும் காரமும். எதைக் கண்டாலும் அது எந்தக் கட்சி என்று தெரிந்தாகவேண்டும். தெரியாவிட்டால் அன்றைக்குத் தூக்கம் கிடையாது.

பாலராமபுரம் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள். கெமிஸ்ட்ரியில் டிகிரி வாங்கியிருந்தாள். அதற்கு வேலை ஒன்றும் கிடைக்கவில்லை. பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் தெருவில் வாடகைக்கு வந்து, முன்னறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு ஜாக்கெட் தைத்தாள். புருஷன் லாரியோடு போகிறவர். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். கழுத்தில் டேப், மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பழைய தேன் குப்பி, குப்பிக்குள் பதிமுக வெள்ளம். நான் வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கிறவள். அங்கே மனுஷர் சொல்லும் பொய்யை எல்லாம் நாள் முழுக்க அடித்துவிட்டு வந்தால் எனக்குத் தலைவலி வரும். மதில் ஓரம் நின்று அவளோடு கொஞ்சநேரம் வாயடித்தால் போய்விடும்.

"படிச்சதுக்கு வேலை கிடைக்கலன்னா படிச்சதையே மறந்துரணுமா பிள்ளே?" என்று ஒருநாள் கேட்டாள். "அப்பிடின்னா நீ தையல் வேலைய மட்டும் பாரு, பிறத்தியாருக்க வெள்ளத்தில ஊறுகாய் பிழியாதே" என்றேன். அவள் கோபிக்கவில்லை. அவளைக் கோபப்படுத்தவே முடியாது. அதுவே எனக்குப் பெரிய எரிச்சல்.

எங்கள் கிணற்று வெள்ளத்தில் பதிமுகம் போட்டால் ஒருநாளும் சிவக்காது. தேன் மாதிரி ஒரு மங்கல் நிறம்தான் வரும். கடைக்காரன் பழைய கட்டையைத் தலையில் கட்டுகிறான் என்று நான் அவனைக் கண்டபடி பேசிக்கொண்டிருந்தேன். அவள் என் கட்டையையே கொண்டுபோய்த் தன் கிணற்று வெள்ளத்தில் கொதிக்கவைத்தாள். அது செம்பருத்தி மாதிரிச் சிவந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

"உனக்க கிணறு செம்மண்ணு. வெள்ளம் கொஞ்சம் புளிப்பாக்கும், நாக்குக்குத் தெரியாது. எங்க வாடகை வீட்டுக்காரர் போன மாசம்தான் கிணத்துக்குப் புது சிமென்ட் உறை இறக்கினாரு. சிமென்டுல காரம் உண்டு. அதான் செவக்குது."

"அப்ப எனக்க வெள்ளம் கேடா?"

"கேடும் இல்ல, கெடுதியும் இல்ல. புளிப்பு. அவ்வளவுதான்." சிவந்த வெள்ளத்தைத் தூக்கிக் காட்டினாள்: "நாக்கு கள்ளம் சொல்லும் பிள்ளே. சீனி போட்டா புளிப்பை மறைச்சிரும். இந்த வெள்ளம் மறைக்காது."

இது இப்படியே கிணறு, மண், மோர், கள்ளு என்று நின்றிருந்தால் நல்லது. நிற்கவில்லை. ஒருநாள் காலையில் அவள் வீட்டில் பெரிய சத்தம். புருஷன் மதிலுக்கு வந்து என்னைச் சகோதரியாக்கி முறையிட்டார். "பெங்ஙளே, நீங்க இவளிட்ட சொல்லணும். மனுஷன் மூத்திரம் போகக்கூட இந்த வீட்டில ஒரு மறைவு இல்ல. சிரட்டையோட வந்து நிக்குதா இவ!"

அவருடையது, அவளுடையது, எதிர்வீட்டு ஆட்டினுடையது, தெருக்கோடி எஸ்தரக்காவின் பசுவினுடையது எல்லாவற்றையும் பார்த்து முடித்திருந்தாள். மனுஷருடையது பட்டால் வெள்ளம் மஞ்சளாகிறது. பசுவினுடையது பட்டால் இன்னும் சிவக்கிறது. ஆட்டினுடையதும் அப்படியே. "புல்லு தின்னுகதுக்கெல்லாம் காரம், சோறும் மீனும் தின்னுக நமக்குப் புளிப்பு" என்றாள். கண்கள் பளபளத்தன. அடுத்த ஏகாதசிக்கு அவள் பழமும் கீரையும் மட்டும் தின்று விரதம் இருந்தாள். பொண்டாட்டிக்குப் பக்தி வந்துவிட்டது என்று புருஷனுக்குச் சந்தோஷம். மறுநாள் காலையில் அவள் மதிலுக்கு மேலே தலையை நீட்டிக் கத்தினாள்: "பிள்ளே, எனக்கதும் செவக்கப் பாக்குது!"

அட, நாசமாய்ப் போகிறவளே என்று சிரித்தேன். ஆனால் அன்று சாயங்காலம் ஆபீஸில் இருந்து வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்து அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். புளிப்பும் காரமுமாக எல்லாவற்றையும் தின்கிறோம். புளிக்கறி, மோர், சோடா, சுண்ணாம்பு போட்ட வெற்றிலை. உள்ளே போய் இதெல்லாம் என்ன ஆகிறது?

வந்ததும் அவளிடம் கேட்டேன். "அப்ப நம்ம ரத்தம் எந்தக் கட்சி?"

அவள் முகம் வாடியது. "ஊசி குத்தினப்போ ரெண்டு மூணு தடவை சோதிச்சேன். ரத்தமே செவப்பு. அதில எப்படிக் காண?" பிறகு படித்த ஞாபகத்திலிருந்து சொன்னாள்: ரத்தம் கிட்டத்தட்ட நடுவில்தான், காரத்தின் பக்கமாக ஒரு மயிரிழை சாய்ந்து நிற்கும். அங்கேயேதான் நிற்கவேண்டும். கொஞ்சம் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்ந்தால் ஆள் இல்லை.

"எவ்வளவு புளிக்கறி தின்னாலும் நகராதா?"

"நகர விடப்பிடாதுன்னுதான் இந்த உடம்பு கெடந்து பாடுபடுது. மூத்திரம் போறது அதுக்காக்கும். மூச்சு விடுகதும் அதுக்காக்கும்."

"மூச்சு விடுகதுக்கும் புளிப்புக்கும் என்னடி சம்பந்தம்?"

அவள் உள்ளே போய் ஒரு தம்ளரில் கொஞ்சம் பதிமுக வெள்ளமும், இளநீர் குடிக்கிற குழல் ஒன்றும் கொண்டுவந்தாள். "ஊது" என்றாள். நான் குழலை வாயில் வைத்து ஊதினேன். வெள்ளம் கொப்பளித்தது. ஒன்றும் நடக்கவில்லை. "இன்னும் ஊது. மூச்சுமுட்ட ஊது." ஊத ஊத அந்தச் சிவப்பு மங்கிக்கொண்டே வந்து, கடைசியில் எங்கள் கிணற்று வெள்ளத்தில் வருகிற தேன் நிறமாயிற்று. நான் குழலை எடுத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறந்த நாளிலிருந்து ஒவ்வொரு மூச்சிலும் இந்தப் புளிப்பை வெளியே தள்ளிக்கொண்டேதான் நான் உயிரோடு இருக்கிறேன், எனக்கே தெரியாது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது, சொல்ல முடியாத ஒரு சந்தோஷமாகவும் இருந்தது.

"உயிருன்னா என்னன்னு நினைச்சே?" என்றாள் அவள். "நடுவில நிக்கதுக்குள்ள பாடு. செத்துப்போனா எல்லாம் ஏதாவது ஒரு பக்கம் சாஞ்சிரும்."

அவள் சொல்வதெல்லாம் சரியாக இருந்தது என்று யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம். தப்பும் செய்வாள், அதையும் ஊர் கேட்கச் செய்வாள். எஸ்தரக்காவின் விஷயத்தில் அப்படித்தான் ஆயிற்று.

எஸ்தரக்காவுக்குப் புருஷன் இல்லை. மகள் வெளியூரில் நர்ஸிங் படிக்கிறாள். ஒரு சிந்திப்பசு, அதன் பாலில்தான் வீடும் படிப்பும் ஓடியது. தெருவில் முக்கால்வாசி வீட்டுக்கு அவள்தான் பால். ஒருநாள் காலையில் நாங்கள் எல்லாரும் பாத்திரத்தோடு நிற்கும்போது, இவள் தன் தம்ளரில் வாங்கிய பாலில் நாலு சொட்டுப் பதிமுக வெள்ளத்தை விட்டாள். பால் சிவந்தது. "அய்யோ, பாலில காரம் காட்டுதே!" என்று சொல்லிவிட்டாள். பால் கெடாமல் இருக்க சோடா கலக்கிறவர்கள் உண்டு என்பது எல்லாருக்கும் தெரியும். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எஸ்தரக்காவின் முகம் கறுத்துவிட்டது.

உண்மையில் காரம் பாலில் இல்லை. இவள் தன் தம்ளரைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுச் சரியாக அலசாமல் கொண்டுவந்திருந்தாள். அதை அவளே கண்டுபிடித்து, அன்றைக்கே வீடு வீடாகப் போய், "எனக்க தம்ளருதான் தப்பு, பால் நல்ல பால்" என்று சொல்லிவிட்டு வந்தாள். கடைசியில் எஸ்தரக்காவின் வீட்டுக்கும் போனாள். எஸ்தரக்கா வாசலிலேயே மறித்தாள். "பால் விக்குகவளுக்குப் பேருதான் பிள்ளே சொத்து. நீ இனி உனக்க குப்பியோட எனக்க படி சவிட்டி ஏறப்பிடாது." அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை.

அந்த வருஷம் எஸ்தரக்காவின் சபையில் ஸ்தோத்திரப் பண்டிகை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து விருந்து. மழை பிடித்துக்கொண்டதால் பாதிப் பேர் வரவில்லை. சோறு மீந்துபோயிற்று. ஜெபித்த சோற்றைக் குப்பையில் கொட்டக்கூடாது, குழிதோண்டி மூடவும் கூடாது. வாயுள்ள ஒரு ஜீவன் தின்னவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். மாடு வைத்திருப்பவர்கள் வாளி வாளியாகக் கொண்டுபோனார்கள். இது எனக்கு அப்போது தெரியாது.

திங்கட்கிழமை காலையில் நான் ஆபீஸுக்குப் புடவை கட்டிக்கொண்டிருந்தபோது எஸ்தரக்காவின் அலறல் கேட்டது. ஓடினேன். மாட்டுத் தொழுத்தில் பசு படுத்திருந்தது. அது கன்று ஈன்று நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. கண் குழிவிழுந்து, காது தொங்கி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு கிடந்தது. தலையை நிமிர்த்தி வைத்திருந்தது, அவ்வளவுதான். ஓரத்தில் கட்டியிருந்த கன்று கத்திக்கொண்டிருந்தது. எஸ்தரக்கா மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எனக்க ஏசுவே, இத எடுத்தா நான் யாரிட்ட போவேன்" என்று அழுதாள். கூடியிருந்தவர்கள் ஈன்ற பசுவுக்குக் கால்சியம் குறைந்தால் இப்படித்தான் விழும் என்றார்கள். நான் மிருக டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். டாக்டரம்மா அம்பூரிப் பக்கம் மலையில் ஒரு மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். விவரம் கேட்டுவிட்டு அவரும் கால்சியமாகத்தான் இருக்கும், கொண்டுவருகிறேன், இறங்கி வர நேரமாகும் என்றார். "எந்தா தின்னது?" என்று கேட்டார்.

"வைக்கலும் பிண்ணாக்கும்தான்" என்றாள் எஸ்தரக்கா, தலையைத் தூக்காமலே.

அப்போதுதான் நான் கவனித்தேன். இவள் தொழுத்தின் பின்பக்க வேலியைத் தாண்டி வந்து நிற்கிறாள். கையில் குப்பி. எழுந்திருக்கப் பார்த்த பசு முடியாமல் அப்படியே சாய்ந்து மூத்திரம் போயிற்று. இவள் கீழே கிடந்த சிரட்டையை எடுத்துக் குனிந்து பிடித்துவிட்டாள். எஸ்தரக்கா பார்த்துவிட்டாள். "எரியுத வீட்டில பிடுங்க வந்தியா? போடி வெளிய!"

இவள் போகவில்லை. பதிமுக வெள்ளத்தில் கொஞ்சம் ஊற்றினாள். நாங்கள் எல்லாரும் பார்த்தோம். சிவக்கவேண்டியது மஞ்சளாயிற்று. இன்னொரு தடவை ஊற்றினாள். திரும்பவும் மஞ்சள்தான்.

"பசுவுக்கு இது வரப்பிடாது" என்று தனக்குள் சொல்வதுபோலச் சொன்னாள். "நான் எத்தனையோ தடவை பாத்ததுண்டு. இந்தப் பசுவுக்கு எப்பவும் செவக்கும்." பிறகு என் போனைப் பிடுங்கி டாக்டரிடம் அதைச் சொன்னாள். ஸ்பீக்கரில் டாக்டரின் குரல் மாறியது. அதை வைத்து மட்டும் ஒன்றும் முடிவு செய்ய முடியாது, ஆனால் இது கால்சியம் இல்லாமலும் இருக்கலாம். சோறோ கஞ்சியோ பாயசமோ நிறையத் தின்றதா, நன்றாகக் கேளுங்கள் என்றார்.

இவள் எஸ்தரக்காவின் முன்னால் தரையில் குந்தினாள். "அக்கா, இது புளிச்சுக் கெடக்குன்னு மட்டும்தான் எனக்குத் தெரியும். என்ன தின்னுச்சுன்னு எனக்கு அறியாது. உங்களுக்குத்தான் அறியும்."

எஸ்தரக்கா பசுவின் நெற்றியைத் தடவினாள். பிறகு உடைந்துபோனாள். "சபைச் சோறு. கொட்டப்பிடாதுல்லா? ஈன்ற உடம்பாச்சே, தின்னட்டுன்னு வாளி நெறைய வச்சேன். தின்னுது. பின்னயும் வச்சேன். கொன்னு போட்டேனே, எனக்க கையாலயே கொன்னு போட்டேனே!"

டாக்டர் போனில் வேகமாகச் சொல்லத் தொடங்கினார். ஆப்பசோடா வேண்டும், நிறைய வேண்டும். பசு வெள்ளம் விழுங்குகிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். விழுங்கினால் அவர் சொல்லும் அளவு சோடாவை வெள்ளத்தில் கரைத்துப் பையப் பையக் கொடுக்கவேண்டும், தலையைத் தூக்கிப் பிடிக்கக்கூடாது. நாங்கள் தெருவில் ஓடினோம். ஆப்பத்துக்கென்று வீட்டுக்கு வீடு ஒரு சின்னப் பொட்டலம் இருக்குமே, அதெல்லாம் வந்தது. ஒரு வீட்டிலிருந்து துணி அலசுகிற சோடாவை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். இவள் ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை எடுத்துக் குப்பி வெள்ளத்தில் போட்டுப் பார்த்து, மற்றதைவிடக் கடுஞ்சிவப்பாக்கியதைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினாள். "இது கடுங்காரம். குடலை வேவிச்சிரும்."

கொடுத்துக்கொண்டிருக்கும்போதே இவள் போனில் டாக்டரைத் துளைக்க ஆரம்பித்தாள். சோற்றைத் தின்றால் ஏன் புளிக்கவேண்டும்? டாக்டரும் சளைக்காமல் பதில் சொன்னார். பசு தான் தின்னும் புல்லைத் தானே செரிக்கிறதில்லை; வயிற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் இருந்து செரித்துக் கொடுக்கின்றன. திடீரென்று சோறு மலைபோல் வந்து விழுந்தால் புளிக்கவைக்கிற கூட்டம் பெருகி மற்றதைக் கொன்றுவிடும். சாதாரண நாளில் பசு அசைபோடும்போது ஊறுகிற எச்சிலிலேயே இந்தச் சோடா இருக்கிறது; அசைபோடுவது நின்றதும் அதுவும் நின்றுவிடும்.

"எச்சிலிலேயேயா?" என்று இவள் கேட்டாள். அவள் முகம் மலர்ந்து சிரித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷத்தில் எனக்கே அவளை அறையவேண்டும் போலிருந்தது. எஸ்தரக்கா நிமிர்ந்தாள். "எனக்க பசு சாவுது. இவளுக்குச் சிரிப்பு!" இவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். ஆனால் கண்ணில் அது அணையவில்லை. அவளால் அணைக்க முடியாது.

டாக்டர் வந்து பார்த்தார், சோறுதான் என்றார். குழாய் விட்டார், நரம்பில் மருந்து ஏற்றினார். பக்கத்துத் தெருவில் அசைபோட்டுக்கொண்டிருந்த ஒரு பசுவின் வாயிலிருந்து மென்ற கவளத்தை வாங்கி வரச் சொல்லி, இதன் வாய்க்குள் வைத்தார். அந்தப் பசுவின் வயிற்று உயிர்கள் கொஞ்சம் இதற்குள் குடியேறட்டும் என்றார். "இனி பசு அசைபோடணும். போட்டா பிழைக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த மாட்டைப் பார்க்கப் போனார்.

உட்கார்ந்திருந்தோம். நான் ஆபீஸுக்குப் போகவில்லை. மத்தியானம் கழிந்தது. இவள் பசுவின் இடது விலாவில் காதை வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். எஸ்தரக்கா அவளை விரட்டவில்லை. வெயில் சாயும் நேரத்தில், "அக்கா, இங்க வந்து காது வையுங்கோ" என்றாள். எஸ்தரக்கா தயங்கி, பக்கத்தில் மண்டியிட்டுக் காதை வைத்தாள். நின்றுபோயிருந்த வயிறு தூரத்து இடிபோல உள்ளே திரும்ப உருண்டதாம். நான் கேட்கவில்லை, எஸ்தரக்காவின் முகத்தில் பார்த்தேன்.

"ஸ்நேகத்தில கொடுத்த சோறாக்கும் பிள்ளே" என்றாள் எஸ்தரக்கா, காதை எடுக்காமலே.

"ஸ்நேகம் புளிக்காது அக்கா. சோறுதான் புளிச்சுது."

அப்போது பசு கழுத்தை நீட்டித் திருப்பி, இவளுடைய முகத்துக்கு நேராக ஒரு பெரிய ஏப்பம் விட்டது. நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம். நாங்கள் எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினோம். இவள் விலகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னும் நெருங்கிப் போய் மூச்சை இழுத்து முகர்ந்து பார்த்தாள். "புளிப்பு கொறஞ்சிருக்கு" என்றாள்.

பசுவின் தாடை ஒருமுறை அசைந்தது. நின்றது. திரும்பவும் அசைந்தது. பிறகு நிற்கவே இல்லை. எஸ்தரக்கா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, சாணி அப்பியிருந்த தன் இரண்டு கைகளாலும் இவளுடைய முகத்தைப் பிடித்து இழுத்து நெற்றியிலும் கன்னத்திலுமாக முத்தம் கொடுத்தாள்.